‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ பாடலின் டிரம்ஸ் ஒலி: கூடத்தின் முழக்கமா, கருவிகளின் வேலையா?

தோல்கருவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லெட் செப்பலின் குழுவினர் 1971 நவம்பரில் வெளியிட்ட நான்காவது இசைத்தட்டின் நிறைவுப் பாடலான ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ பற்றிய ஓர் ஐயத்தை இங்கே முன்வைக்கிறேன். பாடல் தொடங்கும்போது வேறெந்த வாத்தியமும் சேராமல் ஜான் பான்ஹமின் டிரம்ஸ் மட்டும் சில நொடிகள் ஒலிக்கிறது. மிகப் பெரிய ஓர் இடத்தில் எழும் ஒலி அது என்பது கேட்ட உடனேயே தெரிகிறது. ஆனாலும் காலால் மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்மான பாஸ் டிரம்மின் ஒவ்வொரு தட்டும் நெஞ்சுக்கு மிக அருகில் வந்து விழுகிறது. தொலைவும் நெருக்கமும் ஒரே ஒலிக்குள் எப்படி அடங்கின என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

எங்கள் குழுவின் டிரம்ஸை, ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி மைக் வைத்துப் பதிவு செய்து, பின்னர் கணினியில் பெரிய மண்டபத்துக்கான ரிவெர்பை (செயற்கை முழக்கத்தை)ச் சேர்த்துப் பார்த்தேன். ரிவெர்பைக் கூட்டினால் தட்டின் கனம் கரைந்து டிரம்ஸ் பின்னால் போய்விடுகிறது; குறைத்தால் சிறிய அறையில் வாசித்தது அப்படியே வெளிப்பட்டுவிடுகிறது. அந்தப் பதிவில் என்னென்ன மைக்குகளும் கருவிகளும் பயன்பட்டன, அவற்றுள் எது எந்த வேலையைச் செய்தது என்பதை அறிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும். முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஒரு திருமண மண்டபத்தைப் பயன்படுத்திக்கொள்ள எங்களுக்கு அனுமதி இருக்கிறது. மெல்லிய உலோக ரிப்பனால் ஒலியை வாங்கும் ரிப்பன் மைக்குகள் ஓர் இணை கைவசம் உள்ளன.

---

நாடாப்பெட்டி எழுதியது:

தங்கள் கேள்விக்கான விடை கருவிகளில் தொடங்கவில்லை, கட்டடத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கல் கட்டடம் இருக்கிறது. 1795இல் ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதியாக எழுப்பப்பட்ட அதற்கு மூன்று தளங்கள். நுழைந்ததும் ஒரு கூடம், அதிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டு, அந்தப் படிக்கட்டைச் சுற்றி மேல்தளம் வரை திறந்த வெளி. கம்பளமும் திரைச்சீலையும் நிறைந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் கிடைக்காத முழக்கத்தை அந்தத் திறந்த வெளி தந்தது.

அங்கே ஒலிப்பதிவுக்கூடம் எதுவும் கிடையாது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தங்களுக்கென்று உருவாக்கி, பிற குழுக்களுக்கும் வாடகைக்கு விட்ட ஒலிப்பதிவு வண்டியைக் கட்டடத்துக்கு வெளியே நிறுத்தி, உள்ளே கேபிள் இழுத்துப் பதிவு செய்தார்கள். அந்த வண்டிக்குள் இருந்தது ஹீலியாஸ் கன்சோல் (மைக்குகளின் ஒலியைக் கலந்து கட்டுப்படுத்தும் மேசை). லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த டிக் ஸ்வெட்டன்ஹாம் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. (அதே 1971ஆம் ஆண்டின் டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவில் டீப் பர்ப்பிள் குழுவினர் பயன்படுத்தியதும் இதே வண்டியைத்தான்.)

ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆண்டி ஜான்ஸ். மற்றவர்கள் மதுக்கடைக்குக் கிளம்பிய ஓர் இரவில் பான்ஹமை மட்டும் இருக்கச் சொல்லி, டிரம்ஸைக் கூடத்துக்கு நகர்த்திப் பதிவு செய்ததாக அவர் பிற்காலப் பேட்டிகளில் கூறியிருக்கிறார். புதிய டிரம்ஸ் ஒன்று வந்திறங்கிக் கூடத்தில் அமைக்கப்பட்டபோது அதன் ஒலியைக் கேட்டே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததாகக் கிதார் கலைஞரும் தயாரிப்பாளருமான ஜிம்மி பேஜ் கூறுகிறார். யோசனை யாருடையதாக இருந்தாலும் மைக் வைத்த முறையில் ஐயமில்லை: பேயர்டைனமிக் நிறுவனத்தின் எம்160 மைக்குகள் இரண்டு, படிக்கட்டின் மேலிருந்து டிரம்ஸை நோக்கித் தொங்கவிடப்பட்டன. பாஸ் டிரம்முக்குத் தனியாக மைக் வைக்கப்படவில்லை.

எம்160 ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மெல்லிய ரிப்பன்கள் உண்டு. ரிப்பன் மைக்குகளில் பெரும்பாலானவை முன்னும் பின்னும் ஒரேபோல் கேட்கும்; இது முன்பக்கத்தையே கூர்ந்து கேட்கும் வகை. அதனால் மேலிருந்து தொங்கவிட்டாலும் கூடத்தின் முழக்கத்துக்கு நடுவே டிரம்ஸின் நேரடி ஒலியும் போதிய அளவு கிடைத்துவிடும். மேலும், உயர் அதிர்வெண்கள் ரிப்பனில் சற்று மென்மையாகவே பதிவாகும். கல்லும் மரமும் நிறைந்த கூடத்தில் சிம்பலின் ஓசை காதைக் குத்தாமல் இருந்ததற்கு இந்தத் தன்மை பெரிதும் துணை செய்திருக்கும்.

இனி, தாங்கள் கேட்ட நெருக்கத்துக்கு வருகிறேன். அது, ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கருவியான கம்ப்ரஸரின் வேலை. இரு மைக்குகளின் ஒலியும் ஹீலியாஸ் எஃப்760 கம்ப்ரஸர்கள் வழியாக மிகக் கடுமையாக அழுத்தப்பட்டது. தட்டு விழும் கணத்தில் கம்ப்ரஸர் ஒலியளவைக் கீழே இறக்குகிறது. தட்டின் வீச்சு ஓய்ந்ததும் பிடியை விடுகிறது. விட்டவுடன், அதுவரை தாழ்ந்திருந்த கூடத்தின் முழக்கம் மேலெழுந்து வருகிறது. அதாவது, இயல்பில் தேய்ந்து மறைய வேண்டிய ஒலி, தேய்வதற்குப் பதிலாக விம்முகிறது. தட்டுக்கும் முழக்கத்துக்கும் இடையே ஒலியளவில் இருந்த வேறுபாடு சுருங்கிவிடுவதால் இரண்டும் ஒரே அளவு முன்னால் நிற்கின்றன. டிரம்ஸ் முழுவதையும் கேட்பவை இரண்டே மைக்குகள் என்பதால், பாஸ் டிரம்மின் ஒரு தட்டு சிம்பலையும் கூடத்தையும் சேர்த்தே அழுத்துகிறது. முழு டிரம்ஸும் ஓருடலாக மூச்சு விடுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். தாங்கள் தனித்தனி மைக்குகளில் எடுத்து, பின்னர் ரிவெர்ப் சேர்த்தபோது தட்டும் முழக்கமும் இரு வேறு பொருள்களாகவே நின்றுவிட்டன. ஒன்று மற்றொன்றை அழுத்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

இதற்கு மேல் பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலியக் கருவியும் சேர்ந்தது. எக்கோ கருவிகள் பலவற்றில் சுழலும் நாடா இருக்கும். இதில் காந்தப்பூச்சுக்குப் பதிலாக உலோகக் கம்பி சுற்றிய உருளை ஒன்று சுழல்கிறது, அதைச் சுற்றிப் பல இடங்களில் ஒலியைப் படிக்கும் தலைகள் அமைந்திருக்கின்றன. பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் கிதாருக்குப் பயன்படுத்திய எக்கோவும் இதுவே. ஹெட்போனில் தொடக்க நொடிகளைக் கவனமாகக் கேட்டால், தட்டுகளுக்குப் பின்னால் மங்கிய மறு தட்டுகள் கேட்கும். அவை தாளத்துக்குள் பொருந்தி விழுவதால்தான் எக்கோ எனத் தனியாகப் பிரிந்து தெரியாமல், வாசிப்பின் பகுதியாகவே கரைந்துவிடுகின்றன.

---

தாளக்கட்டு எழுதியது:

நாடாப்பெட்டி அவர்கள் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் டிரம்ஸ் வாசிப்பவன் என்ற முறையில், கம்ப்ரஸருக்கு முன்னால் நடந்த ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு மைக்குகளை மட்டும் தொலைவில் வைத்துப் பதிவு செய்தால், ஸ்னேரை (கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்மை)க் கூட்டுவதற்கோ ஹை-ஹாட்டை (இணைச் சிம்பலை)க் குறைப்பதற்கோ பிறகு வழியே இல்லை. ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்பதை வாசிப்பவரின் கையும் காலுமே தீர்மானித்துவிடுகின்றன. பான்ஹமின் பாஸ் டிரம் 26 அங்குல விட்டம் கொண்டது. அதன் தோலை அவர் இறுக்கமாகவே வைத்திருப்பார், உள்ளே தலையணை திணித்து அடக்குவதும் அவர் வழக்கமன்று. அந்தக் காலத்தில் டிரம்ஸின் மேல் துணி போட்டு, ஒலியைக் குறுக்கிப் பதிவு செய்வதே பல ஒலிப்பதிவுக்கூடங்களின் நடைமுறையாக இருந்தபோது, தன் டிரம்ஸ் மேடையில் ஒலிப்பதுபோலவே பதிவிலும் ஒலிக்க வேண்டும் என்று விரும்பியவர் அவர். அடக்கப்படாத அந்தப் பாஸ் டிரம்தான் கூடத்தின் காற்று முழுவதையும் அசைத்தது.

இரண்டாவது செய்தி காலப்பிரமாணம். பாடலின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 தட்டுகள்தான். தட்டுக்கும் தட்டுக்கும் இடையே போதிய இடைவெளி இருப்பதால்தான் கம்ப்ரஸர் பிடியை விடவும், முழக்கம் மேலெழவும், அடுத்த தட்டு அதை மீண்டும் அழுத்தவும் நேரம் கிடைக்கிறது. இதே அமைப்பில் நிமிடத்துக்கு 160 தட்டுகள் கொண்ட ஒரு பாடலை வாசித்தால், ஒரு தட்டின் முழக்கத்தின் மேல் அடுத்த தட்டு ஏறி விழுந்து எல்லாம் குழம்பிப் போகும். ஆகவே, இந்த ஒலியை எந்தப் பாடலுக்கும் பொருத்திவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஹை-ஹாட்டை எவ்வளவு மென்மையாகத் தொட முடியுமோ அவ்வளவு மென்மையாகத் தொட்டு, ஸ்னேரையும் பாஸ் டிரம்மையும் முழு வலிமையுடன் வாசிக்குமாறு தங்கள் கலைஞரிடம் முதலில் சொல்லுங்கள். கம்ப்ரஸர் சிறிய ஒலிகளை எல்லாம் உயர்த்தும் என்பதால், வாசிக்கும்போதே சரியான அளவில் தோன்றும் ஹை-ஹாட், அழுத்திய பிறகு எல்லாவற்றையும் மூடிவிடும்.

---

அரைச்சுரம் எழுதியது:

இங்கே இதுவரை பேசப்படாத ஒன்று நாடாவின் வேகம். இந்தப் பாடலின் பகுதிகள் ஒரு வேகத்தில் பதிவு செய்யப்பட்டு, பின்னர் நாடாவை மெதுவாக ஓடவிட்டுக் கீழே இறக்கப்பட்டவை. மவுத் ஆர்கனிலும் கிதாரிலும் சேற்றில் நடப்பது போன்ற ஓர் இழுவை கேட்கிறதே, அதற்கு இதுவே காரணம். என் கணிப்பில், பாடலின் கனத்தில் கம்ப்ரஸருக்கு உள்ள பங்கைவிட இதற்கு உள்ள பங்கு குறைந்ததன்று.

நாடாவின் வேகத்தைக் குறைத்தால் காலம் நீள்கிறது, சுருதியும் இறங்குகிறது. ஏறத்தாழ 5.6% குறைத்தால் சுருதி ஓர் அரைச்சுரம் இறங்கும்; ஏறத்தாழ 11% குறைத்தால் முழுச்சுரம் ஒன்று இறங்கும். டிரம்ஸுக்கு இதைச் செய்து பார்த்தால் அதன் விளைவு தெரியும்: தோலின் சுருதி தாழ்வதால் டிரம் பெரிதானதாகத் தோன்றும், முழக்கமும் நீள்வதால் இடமும் பெரிதாகிவிடும். 2 நொடியில் மறைந்த முழக்கம், வேகத்தை 10% குறைத்தால் 2.2 நொடிக்கு நீளும். எக்கோவும் பதிவிலேயே சேர்ந்திருந்தால் அதன் இடைவெளியும் அதே விகிதத்தில் நீள்வதால் தாளத்தோடு அதன் பொருத்தம் கெடாது. கணினியில் இதைச் செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வசதியைப் பயன்படுத்தினால் தட்டுகள் சிதைந்து, கனமும் கிடைக்காது. நாடாவில் நிகழ்வதுபோல் சுருதியும் சேர்ந்து இறங்கும் முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மவுத் ஆர்கனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தப் பதிவின் மிக அழகிய நுட்பம் அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதில் எக்கோ ஒலிக்குப் பின்னால் வருவதில்லை, ஒலிக்கு முன்னால் வருகிறது. பதிவான நாடாவைத் திருப்பிப் போட்டுப் பின்னோக்கி ஓடவிட்டு, அப்போது எழும் எக்கோவை வெறுமையாக உள்ள வேறொரு தடத்தில் பதிவு செய்து, பிறகு நாடாவை மீண்டும் நேராகப் போட்டால், ஒவ்வொரு சுரமும் தொடங்கும் முன்பே அதன் நிழல் வளர்ந்துகொண்டு வந்து சேரும். யார்ட்பேர்ட்ஸ் குழுவில் இருந்த காலத்திலேயே ஜிம்மி பேஜ் இதைக் கையாண்டிருக்கிறார். நாடாவைத் திருப்பும்போது தடங்களின் வரிசையும் தலைகீழாகிவிடும் என்பதால், 8 தட நாடாவில் முதல் தடம் எட்டாவது தடத்தின் இடத்துக்குப் போய்விடும். அதை மறந்து பதிவுப் பொத்தானை அழுத்தினால் நல்ல வாசிப்பு ஒன்று அழிந்துபோகும். இன்று கணினியில் இரு சொடுக்குகளில் முடிகிற இந்த வேலைக்கு அன்று எவ்வளவு கவனம் தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

இந்த நுட்பங்கள் எல்லாம் எந்தப் பாடலுக்காக என்பதும் நினைவில் இருக்க வேண்டியது. 1927இல் மிசிசிப்பி ஆற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்த ப்ளூஸ் பாடல் இது. முதல் பதிவில் பாட்டும் கிதாரும் மட்டுமே உண்டு. கரை உடைந்து நீர் பெருகுவதைச் சொல்லும் பாடலுக்கு, ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் விம்மி எழும் ஒலியை அமைத்தது பொருளறிந்து செய்த வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

---

தோல்கருவி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கம்ப்ரஸர் பற்றிய விளக்கத்தைப் படித்த பிறகு பாடலைத் திரும்பக் கேட்டபோது, ஸ்னேர் தட்டுக்குப் பின்னால் கூடம் எழுந்து வருவது தெளிவாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. எங்களுக்குக் கிடைக்கும் மண்டபம் நீளமானது; தரை கிரானைட், கூரை தட்டையானது, ஒரு முனையில் மேடை இருக்கிறது. படிக்கட்டுடன் கூடிய உயரமான இடம் இல்லாமல் இந்த ஒலி கிடைக்குமா? மேலும், கம்ப்ரஸரைப் பதிவின்போதே போட வேண்டுமா, பின்னர் மிக்ஸிங்கில் (பதிவுகளைக் கலந்து இறுதி வடிவம் தரும் கட்டத்தில்) போட்டால் போதுமா?

---

நாடாப்பெட்டி எழுதியது:

முதல் கேள்விக்கு: நீண்ட மண்டபத்தில் நீளவாக்கில் செல்லும் ஒலி எதிர்ச்சுவரில் மோதித் திரும்ப நேரம் எடுக்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 30 மீட்டர் தொலைவில் உள்ள சுவரிலிருந்து திரும்பும் ஒலி 175 மில்லிநொடி கழித்து வந்து சேரும். அது முழக்கமாகக் கலக்காமல் தனி எதிரொலியாகப் பிரிந்து கேட்கும். ஹெட்லி கிரேஞ்சில் படிக்கட்டும் கைப்பிடிகளும் திருப்பங்களும் ஒலியைப் பல திசைகளில் சிதறடித்ததால் முழக்கம் அடர்த்தியாக அமைந்தது. ஆகவே டிரம்ஸை மண்டபத்தின் நடுவில் வைக்காமல், ஒரு மூலைக்கு அருகில் சற்றுச் சாய்வாக வைத்துப் பாருங்கள். எதிர்ச்சுவரை ஒட்டி நாற்காலிகளை ஒழுங்கில்லாமல் அடுக்கினாலும் எதிரொலி ஓரளவு உடையும். மண்டபத்துக்கு மாடிப்படி இருந்தால், அது எவ்வளவு குறுகியதாக இருந்தாலும், அதன் அடியில் டிரம்ஸை வைத்து முதல் திருப்பத்திலிருந்து மைக்குகளை இறக்கிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு மண்டபத்துக்குப் போங்கள். பெரிய மண்டபத்தைவிட அது நன்றாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

மைக் வைக்க வேண்டிய இடத்தைக் கண்ணால் தேடாமல் காதால் தேடுங்கள். கலைஞர் வாசித்துக்கொண்டிருக்க, பாஸ் டிரம் கனமாகவும் ஸ்னேர் தெளிவாகவும் ஒருசேரக் கேட்கும் இடம் எதுவென்று நடந்து, ஏணியில் ஏறிப் பாருங்கள். மைக்கை ஒரு மீட்டர் நகர்த்தினால் ஒலி ஏறத்தாழ 3 மில்லிநொடி தாமதமாகும் என்பதையும், இரு மைக்குகளும் ஸ்னேரிலிருந்து வெவ்வேறு தொலைவில் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழிக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நூல் ஒன்றால் ஸ்னேரின் நடுவிலிருந்து இரு மைக்குகளுக்கும் உள்ள தொலைவை அளந்து சமமாக்கிக்கொள்வது நல்லது.

இரண்டாவது கேள்விக்கு: கம்ப்ரஸர் இல்லாமல் பதிவு செய்துவிட்டுப் பின்னர் மிக்ஸிங்கில் போடுவதே தங்களுக்குப் பாதுகாப்பானது. ஆனால் வாசிப்பவரின் ஹெட்போனில் கம்ப்ரஸர் போட்ட ஒலியே கேட்குமாறு செய்யுங்கள். தாளக்கட்டு அவர்கள் சொன்ன ஹை-ஹாட் அளவைக் கலைஞர் தாமாகவே திருத்திக்கொள்ள அதைவிடச் சிறந்த வழி இல்லை. கம்ப்ரஸரில் பிடிக்கும் நேரத்தைச் சில மில்லிநொடிகள் தாமதமாக வைத்தால் தட்டின் முனை அழுந்தாமல் தப்பும். விடும் நேரத்தை, அடுத்த தட்டு விழுவதற்குச் சற்று முன்பு முழக்கம் தன் உச்சத்தை அடையுமாறு, தாளத்தோடு பொருத்துங்கள். எக்கோவை இறுதியில், மிகக் குறைந்த அளவில் சேருங்கள். நிமிடத்துக்கு 70 தட்டுகள் என்றால் ஒரு தட்டின் நீளம் ஏறத்தாழ 857 மில்லிநொடி. அதில் கால்பங்கான 214 மில்லிநொடியிலிருந்து தொடங்கிச் சிறிது கூட்டியும் குறைத்தும் பாருங்கள். எக்கோவின் உயர் அதிர்வெண்களை வெட்டிவிட்டால் உருளையின் மங்கல் ஓரளவு கிடைக்கும்.

ஒப்பிட்டுக் கேட்பதற்கு ஒரு வழியும் இருக்கிறது. இதே பாடலின் முந்தைய முயற்சி ஒன்று ‘இஃப் இட் கீப்ஸ் ஆன் ரெய்னிங்’ என்ற பெயரில், இதே குழுவின் ‘கோடா’ இசைத்தட்டின் 2015 மறுவெளியீட்டில் இடம்பெற்றது. நான்காம் இசைத்தட்டின் 2014 மறுவெளியீட்டில் இந்தப் பாடலின் வேறொரு மிக்ஸும் உள்ளது. அந்த இசைத்தட்டை முதலில் லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் சவுண்ட் ஸ்டூடியோவில் மிக்ஸ் செய்து லண்டனுக்குக் கொண்டுவந்து கேட்டபோது, ஏனைய பாடல்களின் மிக்ஸ் நிறைவளிக்காததால் அவற்றை எல்லாம் மீண்டும் செய்தார்கள். அங்கிருந்து வந்ததில் நிலைத்தது இந்தப் பாடலின் மிக்ஸ் மட்டுமே. வெளியான பாடல், முந்தைய முயற்சி, வேறொரு மிக்ஸ் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து, ஒரே ஒலியளவில் வைத்துக் கேளுங்கள். தங்கள் மண்டபத்துப் பதிவை இங்கே பகிர்ந்தால், கம்ப்ரஸர் போடாத வடிவத்தையும் உடன் சேர்த்துப் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன். விடும் நேரத்தை எங்கே வைக்கலாம் என்பதை அதைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.